வானவழிப் பயணமும் பயணியின் உரிமையும்

கடல் கடந்து செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பாய் விரித்த மரக்கலங்களிற் சென்ற நம் முன்னோர் காற்றின் வரவை நோக்கிக் கரையிலே காத்திருந்தனர். காற்றுப் பொய்த்தவிடத்து எவரையும் நொந்து பயனில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். இன்று நாம் செல்லும் கலமோ வானத்திற் செல்வது. அது புறப்படும் நேரமும் சேரும் நேரமும் பயணச்சீட்டிலே குறிக்கப்பட்டுள்ளன. குறித்த நேரம் பொய்க்குமாயின், ஏனென்று கேட்பதற்கு ஒருவர் உளர். கேட்பதற்கு உரிமையும் உண்டு. அவ்வுரிமை யாது, அது எவ்வளவினது, அதனை எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்துக் கல்லூரியின் விழா மலரில் இப்பொருளுக்கு இடமென்ன என்று சிலர் வினவலாம். நம் பழைய மாணவர் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்களைப் பெற்றோர் சாகாமத்திலும் திருக்கோவிலிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கின்றனர். பேரப்பிள்ளையின் முகங் காணப் புறப்படும் முதியோர், ஓரிரவு முழுவதும் பஸ் வண்டியிற் சென்று கட்டுநாயக்கவை அடைகின்றனர். அங்கிருந்து வளைகுடா நகரொன்றிலோ இலண்டனிலோ விமானம் மாறிக் கனடாவைச் சேர்கின்றனர். இடைவழியில் விமானம் பிந்துமாயின், ஒலிபெருக்கியிற் கூறப்படுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. மறுபுறம், தாய் இறந்த செய்தி கேட்டு அங்கிருந்து புறப்படும் மகன் இடைவழியில் ஒருநாள் தங்க நேர்ந்தால், கொள்ளி வைக்கும் வேளை தவறிவிடுகின்றது. கல்முனை முதலிய அயலூர்களிலிருந்து கடல் கடந்து செல்லும் முஸ்லிம் சகோதரருக்கும் இத்துயர் பொதுவே. ஆகவே இது நம் ஊருக்குப் புறம்பான பொருளன்று.

நாம் சட்டம் பயின்றவரல்லேம், தமிழ் கற்பிப்பவர். ஆயினும் இத்துறையில் எழுந்த வழக்குகளைப் படிக்குந்தோறும் ஓர் உண்மை நமக்குப் புலனாகின்றது. அவற்றுட் பெரும்பாலான சொற்பொருள் பற்றிய வழக்குகளே. தாமதம் என்பது யாது? இரத்து என்பது யாது? வருகை என்பது எக்கணம்? அசாதாரணம் எனப்படுவது எது? இச்சொற்களின் பொருளை அறிந்தவன் தன் உரிமையைப் பெறுகின்றான். அறியாதவன் உணவுச் சீட்டொன்றைப் பெற்று அமைதியடைகின்றான். அத்திலாந்திக் பெருங்கடல் வழியிலேயே இச்சொற்கள் மிகுதியும் ஆராயப்பட்டுள்ளமையால், அவ்வழியையே உதாரணமாகக் கொள்கின்றோம்.

விமானம் பிந்துவது ஏன்?

அத்திலாந்திக்கை விமானத்தில் இடைநில்லாது முதன்முதற் கடந்தவர்கள் அல்கொக், பிரௌண் என்னும் இருவர். 1919ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்ட அவர்கள், ஏறத்தாழ 16 மணி நேரத்தில் அயர்லாந்தை அடைந்தனர். 1958 ஒக்டோபர் 4ஆம் நாள் பிரித்தானியாவின் கொமெற் ஜெற் விமானங்கள் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. இன்று இலண்டனிலிருந்து ரொறன்ரோவரையுள்ள ஏறத்தாழ 5,700 கிலோமீற்றர் தூரத்தை எட்டு மணியளவில் கடக்கின்றோம். திரும்பி வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவாகவே ஆகும். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் விரைகாற்றே இதற்குக் காரணம். அது கிழக்கு நோக்கி வரும் விமானத்தைப் பின்னின்று தள்ளுகின்றது. மேற்கு நோக்கிச் செல்வதை எதிர்நின்று தடுக்கின்றது. இக்காற்று நாள்தோறும் இடமாறுவதால், ஸ்கொத்லாந்தின் பிரெஸ்ற்விக்கிலும் கனடாவின் கான்டரிலும் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்கள் கடல்மேற் செல்லும் வான்பாதைகளை ஒவ்வொரு நாளும் புதிதாக வகுக்கின்றன.

ஆயினும் தாமதத்துக்குக் காற்று மட்டுமே காரணமன்று. இலண்டனிலிருந்து சென்ற விமானமே சிறிது நேரத்தில் இரவுப் பயணமாகத் திரும்பி வருவது வழக்கம். முன்னது பிந்தினால் பின்னதும் பிந்தும். சாகாமக் குளத்து நீர் மேல்மடையில் தடைப்பட்டால் கடைமடை வயல் காய்வது போன்றதே இதுவும். விமானிகளும் பணியாளரும் இத்தனை மணி நேரமே பணிசெய்யலாம் என்னும் விதியும் உண்டு. இரண்டு மணி நேரத் தாமதத்தில் அவ்வரம்பு கடந்துவிடுமாயின், மாற்றாள் வரும்வரை அந்த இரண்டு மணி பத்தாகிவிடும்.

நேரந் தவறாமைக்கும் ஓர் அளவுண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்கின்படி, குறித்த நேரத்துக்குப்பின் 15 நிமிடத்துக்குள் வந்த விமானம் நேரத்துக்கு வந்ததே ஆகும். நிறுவனங்கள் அட்டவணை வகுக்கும்போதே சில நிமிடங்களைக் கூட்டிக் குறித்துக்கொள்வதும் உண்டு. ஆதலால், பிந்திப் புறப்பட்ட விமானம் நேரத்துக்குச் சேர்ந்ததாகப் பதிவு பெறுதலும் கூடும். உரிமையை நிறுவுவது புறப்பட்ட நேரமன்று, சேர்ந்த நேரமே என்பதைப் பயணி மனத்திற்கொள்ளல் வேண்டும்.

வார்சோவும் மொன்றியலும்

விமானப் பயணியின் உரிமைக்கு முதல் அத்திவாரம் இட்டது 1929 ஒக்டோபர் 12ஆம் நாள் போலந்தின் வார்சோ நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கையாகும். தாமதத்தால் விளையும் இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பாளி என்பதை அது ஏற்றுக்கொண்டது. அதன் இடத்தில், 1999 மே 28ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரில் புதிய உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. அது 2003 நவம்பர் 4ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2009ஆம் ஆண்டிலும் இலங்கை 2018ஆம் ஆண்டிலும் இதில் இணைந்தன. ஆகவே கொழும்பிலிருந்து புறப்படும் நம் ஊரவர்க்கும் இது உரியதே.

இவ்வுடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை தாமதத்தைப் பற்றியது. தாமதத்தால் உண்டான இழப்பை நிறுவனம் ஈடுசெய்தல் வேண்டும். அதனைத் தவிர்ப்பதற்கு நியாயமாகச் செய்யத்தக்க அனைத்தையும் தான் செய்ததாக நிறுவுமாயின் அப்பொறுப்பிலிருந்து நீங்கலாம். நிறுவும் கடமை நிறுவனத்துடையது என்பதே இங்குச் சிறப்பு. ஈட்டுத்தொகைக்கு மேல்வரம்பும் உண்டு. அது நாட்டு நாணயத்தில் அன்றி, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகாகிய சிறப்பு எடுப்பனவு உரிமை என்பதிற் குறிக்கப்படுகின்றது. 2024 டிசெம்பர் 28 முதல் ஒரு பயணியின் தாமதத்துக்கு 6,303 அலகும், பயணப் பொதிகளின் இழப்பு, சேதம், தாமதம் ஆகியவற்றுக்கு 1,519 அலகும் உச்ச எல்லைகளாயின.

இத்தொகை தானாகவே கிடைப்பதன்று. ஏற்பட்ட இழப்பைப் பயணி காட்டல் வேண்டும்: தங்கிய விடுதிக்குக் கொடுத்த பணம், வாங்கிய உணவு, தவறிய அடுத்த பயணத்தின் சீட்டு முதலியன. பற்றுச்சீட்டு இல்லையெனில் இழப்பை நிறுவுதல் அரிது. வழக்கிடுவதற்குரிய காலம் இரண்டு ஆண்டுகள். வழக்கிடத்தக்க இடங்களுள் பயணத்தின் முடிவிடமும் ஒன்று. கொழும்பிலிருந்து சென்று கொழும்புக்கே திரும்பும் இருவழிச் சீட்டுக்கு முடிவிடம் கொழும்பேயாதலின், அத்தகைய சீட்டுடையவர் தம் நாட்டிலேயே நீதி கேட்கலாம்.

தாமதமும் இரத்தும்

இழப்பைத் தனித்தனியே நிறுவுதல் எளியோர்க்கு அரிதென்பதை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், 2004ஆம் ஆண்டில் 261ஆம் இலக்க ஒழுங்குவிதியை இயற்றியது. அது 2005 பெப்ரவரி 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1,500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்துக்கு 250 யூரோவும், இடைப்பட்ட தூரத்துக்கு 400 யூரோவும், 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடும்பயணத்துக்கு 600 யூரோவும் எனத் தொகைகள் வகுக்கப்பட்டன. ஆனால், அவ்விதியின் வாசகப்படி இந்நட்டஈடு இரத்துச் செய்யப்பட்ட பயணத்துக்கே உரியதாகத் தோன்றியது. தாமதத்துக்கு உணவும் தங்குமிடமுமே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தன.

இக்குறையை வெளிப்படுத்தியது அத்திலாந்திக் வழியில் நிகழ்ந்த ஒரு சம்பவம். 2005 யூலை 9ஆம் நாள் ஒரு குடும்பத்தினர் ரொறன்ரோவிலிருந்து பிராங்பேர்ட் செல்வதற்குக் கொண்டோர் நிறுவன விமானத்துக்காகக் காத்திருந்தனர். பயணம் இரத்து என அறிவிப்புப் பலகை காட்டியது. பொதிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அன்றிரவு விடுதியிலே கழிந்தது. மறுநாள் அதே இலக்கமுடைய விமானத்தில் அவர்கள் அனுப்பப்பட்டு, ஏறத்தாழ 25 மணி நேரம் பிந்திச் சேர்ந்தனர். நட்டஈடு கேட்டபோது, இது இரத்தன்று, தாமதமே என்றது நிறுவனம்.

வழக்கு லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தது. 2009 நவம்பர் 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முன் திட்டமிட்டபடியே அப்பயணம் நடைபெறுமாயின், எவ்வளவு பிந்தினும் அது தாமதமே. பலகையில் எழுதிய சொல் பொருளை மாற்றாது. இவ்வளவில் நிறுவனத்தின் வாதமே வென்றது போலத் தோன்றும். ஆயின் நீதிமன்றம் மேலும் ஆராய்ந்தது. இரத்தினாற் காலத்தை இழந்தவனும் தாமதத்தாற் காலத்தை இழந்தவனும் இழந்தது ஒன்றே; ஒத்த நிலையினரை வேறுபட நடத்துதல் நீதியன்று. ஆகவே, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தவர்க்கும் அதே நட்டஈடு உண்டு எனத் தீர்த்தது. 2012ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கிலும் இது உறுதிசெய்யப்பட்டது. நெடும்பயணத்தில் தாமதம் நான்கு மணி நேரத்துக்குட்பட்டதாயின் தொகையைப் பாதியாகக் குறைக்கலாம்.

வருகை என்பது எக்கணம்?

மூன்று மணி நேரம் என்று வரம்பு வகுத்தபின், எக்கணம்வரை எண்ணுவது என்னும் வினா எழுந்தது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கிலிருந்து ஜெர்மனியின் கோல்ன்-பொன் நிலையத்துக்கு வந்த விமானம் ஒன்று, குறித்த நேரத்துக்கு 2 மணி 58 நிமிடம் பிந்தித் தரையைத் தொட்டது. நிறுத்துமிடத்தை அடைந்தபோது தாமதம் 3 மணி 3 நிமிடமாயிற்று. அதன்பின்னரே கதவு திறந்தது. சில்லுகள் தரையைத் தொட்ட கணமே வருகை என்றது நிறுவனம். அதனை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு கதவேனும் திறக்கப்பட்டுப் பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் கணமே வருகை என 2014 செப்டெம்பர் 4ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் நியாயம் எளியது. அடைபட்ட விமானத்துள் இருப்பவன் தன் கருமத்தைத் தான் செய்ய இயலாதவன். எனவே அவன் இன்னும் ஊர் சேர்ந்தவனல்லன். நம் பேச்சுவழக்கிலும், பிள்ளை வீடு வந்துவிட்டான் என்று சொல்வது படலைக்கு வெளியே பஸ் நின்றபோதன்று. அவன் இறங்கி உள்ளே வந்தபோதே. சொல்லின் இயல்பான பொருளே ஈண்டுச் சட்டத்தின் பொருளும் ஆயிற்று.

அசாதாரணம் எனப்படுவது

நட்டஈட்டிலிருந்து நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. நியாயமான முயற்சிகள் அனைத்தையும் செய்தும் தவிர்க்கமுடியாத அசாதாரணச் சூழ்நிலையே அது. பெரும்பாலான மறுப்புக் கடிதங்கள் இச்சொல்லையே நம்பி எழுதப்படுகின்றன. இயந்திரம் பழுதுபடுதல் அசாதாரணமா? 2008 டிசெம்பர் 22ஆம் நாள், அலித்தாலியா நிறுவனத்தைப் பற்றிய வழக்கில் இதற்கு விடை கிடைத்தது. இயந்திரத்தைப் பேணுதல் விமானத் தொழிலின் அன்றாடக் கருமம். அதிற் காணப்படும் பழுது பொதுவாக அசாதாரணமாகாது என்பதே அவ்விடை. உழவனுக்குக் கலப்பை முறிவது அசாதாரணமன்று. ஊரை வெள்ளம் மூடுவதே அசாதாரணம்.

அத்தகைய வெள்ளம்போன்ற நிகழ்வுகளும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் வானிற் பரவியபோது, ஐரோப்பாவின் வான்வெளி பல நாள்கள் மூடப்பட்டது. 2025 மார்ச் 21ஆம் நாள், அயலில் உள்ள மின்நிலையத் தீயினால் இலண்டன் ஹீத்ரோ நிலையமே மூடப்பட்டு, 1,300க்கு மேற்பட்ட பயணங்கள் பாதிக்கப்பட்டன. இவற்றுக்கு நட்டஈடு இல்லை. ஆயினும் உணவும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை நீங்குவதில்லை. எரிமலைக் காலத்தில் ஒரு வாரம் இடைவழியில் தங்கிய பயணி ஒருவரின் வழக்கில், இக்கடமைக்குக் கால எல்லையோ பண எல்லையோ இல்லை என 2013ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் கூறியது. பணம் இல்லை என்று சொல்லப்பட்டவர், உணவும் படுக்கையும் இல்லை என்று எண்ணி நாற்காலியில் இரவைக் கழித்தல் வேண்டியதில்லை.

எந்நாட்டின் சட்டம்?

ஐரோப்பிய விதி, ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் உரியது. வெளிநாட்டிலிருந்து அங்கு வருவதாயின், ஒன்றியத்து நிறுவனத்தின் விமானமாக இருத்தல் வேண்டும். ஒன்றியத்தைவிட்டு நீங்கிய பிரித்தானியாவும் இவ்விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. ஆங்கு நெடும்பயணத்துக்குரிய உச்சத் தொகை 520 பவுண். இலண்டனிலிருந்து வளைகுடா வழியாகக் கொழும்பு வருபவர்க்கு, எந்நாட்டு விமானமாயினும் இவ்வுரிமை உண்டு. கொழும்பிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றின் விமானத்தில் இலண்டன் செல்பவர்க்கு அது இல்லை. பாதை ஒன்றே, திசை மாற உரிமையும் மாறுகின்றது.

கனடாவின் விமானப் பயணியர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2019 யூலையிலும் டிசெம்பரிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. கனடாவுக்குச் செல்லும் பயணத்துக்கும் அங்கிருந்து வரும் பயணத்துக்கும் இவை உரியன. பெரிய நிறுவனமாயின், 3 மணி முதல் 6 மணிவரை பிந்தியதற்கு 400 கனடிய டொலரும், 6 முதல் 9 மணிவரை 700 டொலரும், அதற்கு மேல் 1,000 டொலரும் என அவை வகுத்தன. காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருத்தல் வேண்டும். பாதுகாப்பின் பொருட்டு நேர்ந்த தாமதத்துக்குப் பணம் இல்லை. ஆகவே திடீரெனத் தோன்றும் ஒரே இயந்திரப் பழுது, இலண்டனிலிருந்து செல்லும்போது பணத்துக்கு உரியதாகவும், ரொறன்ரோவிலிருந்து கனடிய விமானத்தில் வரும்போது அதற்கு உரியதல்லாததாகவும் ஆகலாம். கேட்பதற்குரிய காலம் ஓராண்டு. நிறுவனம் 30 நாள்களுக்குள் விடையளித்தல் வேண்டும்.

இவ்விதிகள் மொன்றியல் உடன்படிக்கைக்கு மாறானவை என்று விமான நிறுவனங்கள் வாதிட்டன. 2024 ஒக்டோபர் 4ஆம் நாள் கனடிய உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஒருமனதாக நிராகரித்தது. ஐரோப்பாவிலும் இத்தகைய வாதம் 2006ஆம் ஆண்டில் தோற்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ தாமதத்துக்கென வகுத்த நட்டஈடு இல்லை. ஆயினும், வெளிநாட்டுப் பயணம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி, பயணியும் செல்ல விரும்பாராயின், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டில் விதியாயிற்று.

பயணி செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நம்மவர் கைக்கொள்ளத்தக்கவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

1. முழுப் பயணத்துக்கும் ஒரே பதிவில் சீட்டு வாங்குக. ஒரே பதிவில் அமைந்த தொடர்பயணத்தை ஒரே பயணமாகக் கொள்ளல் வேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2018ஆம் ஆண்டிலே தீர்த்துள்ளது. விலை மலிவென்று இரு சீட்டுகளாக வாங்கினால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது நட்டம் நம் தலைமேல் விழும்.

2. தாமதத்தின் காரணத்தை எழுத்திலே கேட்டுப் பெறுக. வாய்ச்சொல் பின்னர் மாறக்கூடும்.

3. கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. ஏறுஞ்சீட்டையும் பற்றுச்சீட்டுகளையும் வீசிவிடாதீர்.

4. பொதி வராதவிடத்து, நிலையத்தை விட்டு நீங்குமுன் எழுத்துப் பதிவு செய்க. சேதத்துக்கு 7 நாள்களுக்குள்ளும், பிந்திவந்த பொதிக்கு 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் முறையிடல் வேண்டும்.

5. உணவும் தங்குமிடமும் கேட்கத் தயங்கற்க. கனடிய விதியில் இரண்டு மணி நேரத் தாமதத்திலும், ஐரோப்பிய விதியில் நெடும்பயணத்துக்கு நான்கு மணி நேரத் தாமதத்திலும் இவ்வுரிமை தொடங்குகின்றது.

6. முதல் மறுப்புக் கடிதத்தை முடிவெனக் கொள்ளாதீர். காரணம் அசாதாரணம் என நிறுவும் பொறுப்பு நிறுவனத்துக்கே உரியது.

7. பயணத்துக்கு முன் அவ்வக்காலத்து விதியை அறிந்துகொள்க. 2025 யூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள், மூன்று மணி நேர வரம்பை நான்காகவும் நெடும்பயணத்துக்கு ஆறாகவும் உயர்த்தும் யோசனைக்கு உடன்பட்டனர். வரம்புகளும் தொகைகளும் மாறத்தக்கன என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

அறுநூறு யூரோவோ ஆயிரம் டொலரோ, தவறிய கொள்ளிவேளையைத் திருப்பித் தரமாட்டா. ஈமக்கடனுக்கு வாராத மகனின் நெஞ்சிலுள்ள பாரத்தை எந்த உடன்படிக்கையும் அளந்ததில்லை. ஆயினும் இவ்விதிகளால் ஒரு நன்மை உண்டு. பயணியின் காலத்துக்கும் மதிப்புண்டு என்பதை அவை வல்லமைமிக்க நிறுவனங்களை ஒப்புக்கொள்ளச் செய்தன. அம்மதிப்பு ஒரு பெருவணிகனுக்கும், கைப்பையிற் திருநீற்றுப் பொட்டலத்தோடு முதன்முறை விமானம் ஏறும் நம் ஊர்த் தாய்க்கும் ஒன்றே.

அத்தாய்க்கு இவ்வுரிமையை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் சீட்டு வாங்கி அனுப்பும்போது, அதனோடு ஒரு தாளில் இவற்றைத் தமிழில் எழுதி அனுப்புவாராக. இங்குள்ள மாணவர், வழியனுப்பும் நாளில் அதனைப் படித்துக் காட்டுவாராக. தமது பெயர், செல்லுமிடம், மாறும் நிலையம், பிந்தினாற் கேட்கவேண்டியவை ஆகியன ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மறுதாளொன்றும் அவர்கள் கையில் இருத்தல் நன்று. கல்லூரியிற் கற்ற எழுத்தும் சொல்லும் பெற்றோரின் வழித்துணையாக அமையுமாயின், அதனினும் மேலான பயன் அக்கல்விக்கு வேறில்லை.